டேஷ்போர்டைப் புதுப்பிக்கும்போது பழைய தகடுகளைக் காப்பது எப்படி

அம்பாசடரோ பத்மினியோ எஸ்டேட் ஜீப்போ, டேஷ்போர்டைக் கழற்றிப் பெயிண்ட் அடித்துத் திரும்பப் பூட்டும் வேலையில் மற்ற எந்தச் சாமான் போனாலும் தேடிப் பிடித்துவிடலாம். மீட்டர் கிடைக்கும், நாப் கிடைக்கும், கிளவ் பாக்ஸ் பூட்டுகூடக் கிடைக்கும். நம்பரும் விவரமும் பொறித்துக் கம்பெனி அடித்து அனுப்பிய தகடு போனால் போனதுதான். அது தொலைவதைவிட அதிகமாக நடப்பது வேறு: வண்டியிலேயே இருந்தபடி கெட்டுப்போவது. உப்புத்தாளான வாட்டர் பேப்பர் உரசி எழுத்து மங்கும், தின்னர் பட்டு அச்சு கரையும், பெயிண்ட் மூடி நம்பர் தெரியாமல் போகும், ரிவிட்டை நெம்பும்போது தகடு மடிந்துவிடும்.

பொள்ளாச்சி, கோபாலபுரம், மீனாட்சிபுரம், வாளையார் பக்கம் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இதில் கூடுதல் அக்கறை வேண்டும். பாலக்காட்டில் வாங்கிய வண்டி இந்தப் பக்கம் வருவதும், இங்கே வாங்கியது நெல்லியாம்பதிக்கு ஏறுவதும் இங்கே சாதாரணம். வேறு மாநிலப் பதிவுள்ள வண்டியை 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 47-ன்படி புதுப் பதிவு எண் வாங்க வேண்டும். அதற்கு முதலில் பழைய ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 28 கொடுத்து என்.ஓ.சி. என்ற தடையின்மைச் சான்று வாங்க வேண்டும், அதோடு சேஸிஸ் நம்பரின் மேல் தாள் வைத்துத் தேய்த்தெடுத்த பென்சில் பிரிண்ட் கேட்பார்கள். பாலக்காட்டு கே.எல். 09 வண்டி பொள்ளாச்சி டி.என். 41 ஆகும் நாளில் பிரேக் இன்ஸ்பெக்டர் குனிந்து பார்ப்பது உங்கள் பெயிண்டின் மினுமினுப்பை அல்ல. நம்பர் சுரண்டியது போல இருந்தால், நீங்கள் சுரண்டவில்லை என்று நிரூபிக்கும் வேலை உங்கள் தலையில் விழும்.

முதலில் வண்டியில் என்னென்ன தகடு இருக்கிறது என்று பிரித்துக்கொள்ளுங்கள். சேஸிஸ் நம்பர் தாங்கிய தகடு ஒரு ரகம். நம் ஊர் பழைய கார்களில் இது பெரும்பாலும் பானெட்டுக்குள், ஃபயர்வாலில் இருக்கும். அதாவது டேஷ்போர்டின் மறுபக்கம். உள்ளே வெல்டிங் வைத்தால் வெளியே தகடு வேகும் என்பதை மறக்காதீர்கள். 1969 முதல் வந்த அமெரிக்கக் கார்களில் டேஷ்போர்டு மேல்தட்டிலேயே, ஓட்டுநர் பக்கமாக, முன் கண்ணாடி வழியாகப் படிக்கும்படி இருக்கும். பூவிதழ் போன்ற தலையுள்ள தனி ரிவிட் அடித்திருக்கும். இதைத் தவிர, நம்பர் சேஸிஸ் இரும்பிலேயே பஞ்ச் செய்யப்பட்டிருக்கும். தகட்டைக் காப்பாற்றிவிட்டு, பஞ்ச் செய்த இடத்தில் கிரைண்டர் போட்டவர்கள் உண்டு. இந்த இரண்டும் இருக்கும் இடத்தை வேலை தொடங்கும் முன்பே கண்டுபிடித்து, சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டு, டிங்கரிங் ஆளிடம் நேரில் காட்டிவிடுங்கள்.

மற்றவை தகவல் தகடுகள். ஜீப்பில் கியர் வரைபடம், டூ-வீல், ஃபோர்-வீல், லோ என்று டிரான்ஸ்ஃபர் கேஸ் லீவரைப் போடும் முறை. கார்களில் பாடி நம்பர், பெயிண்ட் நிறக் குறியீடு, விற்ற டீலரின் பெயர்த் தகடு. சட்டத்துக்கு இவை வேண்டாம். ஆனால் பழைய வண்டியின் மதிப்பில் பாதி இதில்தான் இருக்கிறது. 2021 ஜூலையில் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய வண்டியை வின்டேஜ் என்று பதியலாம். பதிவு எண்ணில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும், கட்டணம் 20,000 ரூபாய். சேஸிஸ், பாடி, எஞ்சின் எதுவும் மாற்றப்படாமல் பழைய வடிவிலேயே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பழைய தகடுகள் பழைய ஓட்டைகளிலேயே இருப்பதைவிட நல்ல சாட்சி அதற்குக் கிடைக்காது.

தொடும் முன்

ஸ்பேனரை எடுக்கும் முன் போட்டோ. முழு டேஷ்போர்டும் தெரிய ஒன்று, ஒவ்வொரு தகடும் பக்கத்தில் ஸ்டீல் ஸ்கேலோடு ஒன்று, ஒவ்வொரு ரிவிட் தலையும் கிட்டத்தில் ஒன்று. நேர் ஃபிளாஷ் வேண்டாம், உலோகத்தில் வெள்ளையடித்துவிடும். டார்ச்சைத் தகட்டுக்குப் பக்கவாட்டில் தாழப் பிடித்தால் பஞ்ச் எழுத்துகள் நிழலோடு எழுந்து நிற்கும். தகட்டின் நாலு மூலையிலிருந்து அருகிலுள்ள விளிம்புக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பட்டி போட்டு ஓட்டையே மறைந்துபோனால் இந்த அளவுதான் கைகொடுக்கும்.

பிறகு பென்சில் பிரிண்ட். மெல்லிய டிரேசிங் பேப்பரை நம்பர் மேல் வைத்து, நாலு ஓரமும் அசையாமல் பிடித்து, 2பி பென்சிலைப் படுக்கவைத்து ஒரே திசையில் தேய்க்க வேண்டும். முன்னும் பின்னும் தேய்த்தால் எழுத்து இரட்டையாக விழும். 3-ஆ 8-ஆ என்று சந்தேகம் வந்தால் வேலையை நிறுத்திவிட்டு ஆர்.சி.யோடு ஒத்துப்பாருங்கள். மூன்று பிரிண்ட் எடுத்து, தேதி போட்டு, ஒன்றை ஆர்.சி. புத்தகத்தோடு வையுங்கள்.

சந்தனம், குங்குமம், எண்ணெய்

நம் வண்டிகளில் டேஷ்போர்டு தகடு என்றால் அதில் பல ஆயுத பூஜைகளின் சந்தனமும் குங்குமமும் இருக்கும். பள்ளமான எழுத்துக்குள் காய்ந்த சந்தனம் கல் மாதிரி இறுகியிருக்கும். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்துச் செய்த குங்குமம் ஈரம் பட்டால் அலுமினியத்தை மெல்ல அரிக்கும். அடியில் வெள்ளைப் பொடி பூத்திருப்பது அதனால்தான். ஊதுபத்திப் புகையும் கை எண்ணெயும் சேர்ந்த பழுப்புப் படலம் வேறு. சாமி சிலையை டபுள் டேப் போட்டுத் தகட்டின் மேலேயே ஒட்டியிருப்பவர்களும் இருக்கிறார்கள்.

இதை எடுக்க அவசரமே கூடாது. வெதுவெதுப்பான ஒரு கப் தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம். பஞ்சை நனைத்துப் பிழிந்து தகட்டின் மேல் பத்து நிமிடம் போட்டு வைத்தால் சந்தனம் ஊறி இளகும். எழுத்துப் பள்ளத்தில் இருப்பதைத் தென்னை ஈர்க்கை நுனி சீவி மெல்லக் கிளறுங்கள். குண்டூசி, பிளேடு, ஸ்க்ரூடிரைவர் எதுவும் வேண்டாம். ஈர்க்கு உலோகத்தைக் கீறாது, முனை மழுங்கினால் இன்னொன்று சீவிக்கொள்ளலாம். கிரீஸ் இருந்தால் மண்ணெண்ணெய் ஒற்றிய பஞ்சு. டேப் பசைக்கும் அதுவேதான், ஆனால் அச்சடித்த தகடாக இருந்தால் முதலில் ஒரு மூலையில் வைத்து நிறம் பஞ்சில் வருகிறதா என்று பாருங்கள்.

பித்தளைத் தகட்டைக் குத்துவிளக்கு போலப் புளி போட்டுத் தேய்ப்பதுதான் வீட்டு வழக்கம். கைவைக்காதீர்கள். புளியின் அமிலம் எழுத்துக்குள் நிரப்பிய கறுப்பு எனாமலின் ஓரத்தில் புகுந்து, சில மாதங்களில் எனாமலைச் செதில் செதிலாகத் தூக்கிவிடும். உலோகப் பாலிஷ் இன்னும் மோசம்: அதில் உராயும் தூள் இருக்கிறது, எழுத்தோ மயிரிழை ஆழம்தான். அலுமினியத்துக்கு எலுமிச்சை, பாத்ரூம் ஆசிட், சோடா காரம் எதுவும் ஆகாது. காரம் பட்டால் அனோடைஸ் பூச்சு நிமிடங்களில் கரைந்து தகடு சாம்பல் நிறமாகிவிடும், திரும்ப வராது. கொஞ்சம் மங்கலாக இருக்கும் தகடுதான் வாங்க வருபவருக்கும் ஆய்வாளருக்கும் நம்பிக்கை தரும், கண்ணாடி மாதிரி மின்னினால் “இது எங்கே அடித்தது?” என்ற கேள்விதான் வரும்.

கழற்றுவதா, மூடுவதா

சேஸிஸ் நம்பர் தகடு என்றால் மூடுங்கள், கழற்றாதீர்கள். அதன் அடியில் துரு ஓட்டை போட்டு, வேறு வழியே இல்லை என்றால் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்து, போட்டோக்களைச் சேர்த்துக் கொடுத்துவிட்டு மேற்கொண்டு போகவும். பட்டறையில் யாரோ கழற்றி டப்பாவில் போட்டுவைத்த சேஸிஸ் தகடு, திருட்டு வண்டி விசாரணையில் எப்படித் தெரியும் என்று யோசித்தால் போதும்.

தகவல் தகடு ஸ்க்ரூவில் இருந்தால் கழற்றலாம். ரிவிட்டில் இருந்தால், அடியில் துரு வீங்கித் தகடு உப்பியிருக்கும்போது மட்டும் கழற்றுங்கள். ஒரு விதிவிலக்கு: பவுடர் கோட்டிங். அந்த அடுப்பு 180 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகும். எனாமல், அச்சு, ஒட்டிய ஸ்டிக்கர் எதுவும் தாங்காது, அதனால் அப்போது தகவல் தகட்டைக் கழற்றியே ஆக வேண்டும். சேஸிஸ் தகடு ஒட்டியிருக்கும் பாகத்துக்குப் பவுடர் கோட்டிங்கே வேண்டாம். கையால் அடிக்கும் பெயிண்ட்தான்.

மூடும் முறை

நேரே டேப்பை ஒட்டுவதுதான் எல்லாரும் செய்வது. டேப்பை உரிக்கும்போது பழைய அச்சும் சேர்ந்து வருவதும் அதனால்தான். தகட்டின் அளவைவிட ஒவ்வொரு பக்கமும் 2 மில்லிமீட்டர் குறைவாக பட்டர் பேப்பர் வெட்டி எழுத்துகள் மேல் வையுங்கள். அதன் மேல் மாஸ்கிங் டேப். பசை படுவது தகட்டின் வெறும் ஓரத்தில் மட்டும் இருக்க வேண்டும். ஓரம் வரை எழுத்து இருக்கும் தகட்டுக்குப் பசை குறைந்த ஃபைன்லைன் டேப் வாங்கிக்கொள்ளுங்கள். பிரவுன் பார்சல் டேப் கூடவே கூடாது. நம் வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் டேஷ்போர்டு கொதிக்கும், அந்தப் பசை உருகித் தகட்டோடு ஐக்கியமாகிவிடும்.

டேப் பெயிண்டை மட்டும் தடுக்கும், உரசலைத் தடுக்காது. பக்கத்தில் வாட்டர் பேப்பர் ஓடப்போகிறது என்றால் டேப்பின் மேல் மெல்லிய தகரத் துண்டு ஒன்றை வெட்டி, ஓரத்தை மழுக்கி, இன்னொரு சுற்று டேப்பால் கட்டுங்கள். தகட்டைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு மெஷின் சாண்டர் வேண்டாம், கையால் மட்டும். சாண்ட் பிளாஸ்டிங் செய்வதாக இருந்தால் டேப் சில நொடியில் பிய்ந்துபோகும். பழைய சைக்கிள் டியூபை விரித்து வெட்டி இரண்டு அடுக்காக ஒட்டினால் மணல் மோதித் துள்ளித் திரும்பிவிடும். அப்போதும் நாஸிலை நேராகப் பிடிக்கச் சொல்லாதீர்கள். பெயிண்ட் ரிமூவர் ஜெல் ஊற்றும் இடத்தில் டேப்பை நம்பாதீர்கள், அது டேப்புக்கு அடியிலும் ஊர்ந்துவிடும். தகட்டைச் சுற்றி நாலு விரல் இடத்தை ஸ்கிரேப்பரால் எடுப்பது நேரம் பிடிக்கும், ஆனால் பயமில்லை.

எவ்வளவு நேரம் டேப் இருக்கலாம்? ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு. பெயிண்டர் “அடுத்த வாரம்” என்றால் உரித்துவிட்டு அடுத்த வாரம் புதிதாகப் போடுங்கள். கடைசிக் கோட் அடித்து, தொட்டால் ஒட்டாத நிலை வந்ததும் டேப்பின் ஓரத்தைப் புது பிளேடால் லேசாகக் கீறிவிட்டு, டேப்பைப் பின்னோக்கி மடித்து, மேற்பரப்போடு படுத்தவாறே மெதுவாக இழுக்க வேண்டும். கீறாமல் இழுத்தால் பெயிண்ட் பிசிறடித்து உரியும். முழுதும் காய்ந்த பிறகு இழுத்தால் ஓரத்தில் படிக்கட்டு மாதிரி மேடு நிற்கும்.

கழற்றும் முறை

பேட்டரி எர்த்தைக் கழற்றாமல் டேஷ்போர்டுக்குப் பின்னால் கைவைக்க வேண்டாம். பழைய பிரிட்டிஷ் வடிவமைப்பு வண்டிகளில் சிலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். எந்தக் கம்பி பாடிக்குப் போகிறது என்று பார்த்துவிட்டுக் கழற்றுங்கள். ஸ்பீடோ கேபிளின் வரி போட்ட நட்டைக் கையாலேயே திருகலாம். வெப்ப மீட்டர் ஒயர் இல்லாமல் மெல்லிய செப்புக்குழாயோடு இருந்தால் அந்தக் குழாயை மடித்துவிடாதீர்கள், மடிந்தால் மீட்டர் செத்தது.

நடுவில் துளையுள்ள பாப் ரிவிட் என்றால் தகட்டின் மேல் முழுதும் டேப் ஒட்டி, ரிவிட் தலை மட்டும் தெரிய வட்டம் வெட்டுங்கள். டிரில் வழுக்கினாலும் கீறல் டேப்பில் விழும். நடுவில் சென்டர் பஞ்சால் ஒரு புள்ளி. 3.2 மில்லிமீட்டர் ரிவிட்டுக்கு 3 மில்லிமீட்டர் பிட், மெதுவான வேகம். பிட்டில் நுனியிலிருந்து 2 மில்லிமீட்டரில் டேப் சுற்றிக்கொண்டால் ஆழம் தெரியும். தலை மோதிரம் மாதிரி பிட்டில் கழன்று வந்ததும் நிறுத்துங்கள். மிச்சத்தை மெல்லிய பஞ்சால் பின்னால் தள்ளிவிடலாம். அகலமான பிட்டைப் போட்டு ஒரே அழுத்தில் முடிப்பது வேகம்தான், ஆனால் தகட்டின் ஓட்டை பெரிதாகிவிடும், அப்புறம் பழைய அளவு ரிவிட் நிற்காது.

ரிவிட் பிட்டோடு சேர்ந்து சுற்ற ஆரம்பிப்பதுதான் எல்லாருக்கும் வரும் தலைவலி. மேலே அழுத்த அழுத்த சூடேறித் தகட்டில் வளையத் தடம் விழும். டிரில்லை எடுத்துவிட்டு, பின்பக்கம் ஒருவரை ரிவிட் வாலைப் பிளேயரால் பிடிக்கச் சொல்லுங்கள். பின்னால் கை போகும் இடம் என்றால் ஆரம்பத்திலேயே வாலை அரத்தால் தேய்த்துத் தட்டிவிடுவது இன்னும் நல்லது; முன்பக்கம் டிரில்லே படாது.

தலையில் வெட்டு எதுவும் இல்லாமல் மொழுமொழு என்றிருப்பது அடித்து இறக்கும் டிரைவ் ஸ்க்ரூ. இதன் உடம்பில் சாய்வான வரி இருக்கும். ஓட்டை பின்னால் திறந்திருந்தால் பின்னாலிருந்து தட்டினால் சுற்றிக்கொண்டே வெளியே வரும். மூடியிருந்தால் இடைவெளி அளக்கும் பழைய ஃபீலர் கேஜின் மெல்லிய எஃகு இதழில் ‘ப’ வடிவில் வெட்டி, தலைக்கும் தகட்டுக்கும் நடுவே செருகி, அதன் மேல் கட்டிங் பிளேயரை ஊன்றித் திருகியபடி தூக்குங்கள். நெம்பும் பாரம் கேஜ் மேல் விழும், தகட்டின் மேல் அல்ல. அரை மில்லிமீட்டர் அலுமினியம் ஒருமுறை மடிந்தால் எவ்வளவு தட்டினாலும் அந்தக் கோடு போகாது.

ஒட்டிய ஃபாயில் ஸ்டிக்கர் என்றால் ஹேர் டிரையரில் கை பொறுக்கும் அளவு சூடாக்கி, மீன் பிடிக்கும் நைலான் நரம்பை அடியில் விட்டு அறுத்தெடுங்கள்.

டிரில் போடும் முன் பின்னால் ஒரு துணி விரித்துக்கொள்ளுங்கள். அலுமினியச் சீவல் காந்தத்தில் ஒட்டாது. ஒயரிங்குக்குள் விழுந்தால் ஷார்ட் ஆகும் வரை எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

கழற்றிய தகடு ஒவ்வொன்றும் தனித்தனி ஜிப் கவரில், இரண்டு கெட்டி அட்டைக்கு நடுவில், அதன் ரிவிட், ஸ்க்ரூவோடு. கவரில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மழையைக் கொண்டுவரும் ஜூன், ஜூலையில் இது கட்டாயம். செய்தித்தாளில் சுற்றாதீர்கள், மை ஒட்டும். முக்கியமாக, வீட்டுக்கு எடுத்துப் போங்கள். பட்டறையில் கிடந்தால் பித்தளை என்று எடைக்குப் போய்விடும்.

அடித்தளமும் திரும்பப் பூட்டுவதும்

தகட்டின் அடியில் இருந்த துருவைச் சுரண்டி, பாஸ்பாரிக் அமிலத் துரு நீக்கி போட்டால் நன்றாகக் கழுவித் துடைத்து அன்றே பிரைமர் அடியுங்கள். பட்டி போடும்போது ஓட்டையில் தீக்குச்சி செருகிவைத்தால் ஓட்டை மூடாது. பெயிண்ட் காய்ந்த பின் ஓட்டை சிறுத்திருக்கும். பிட்டை விரலால் பிடித்துச் சுற்றினாலே சரியாகிவிடும். மெஷின் போட்டால் ஓரப் பெயிண்ட் செதில் விடும்.

பெயிண்ட் தொட்டால் காய்ந்ததுபோல் இருப்பதும் உள்ளே காய்ந்திருப்பதும் வேறு வேறு. ஹார்டனர் கலந்து அடிக்கும் டூ-கே பெயிண்ட் என்றால் ஒரு வாரம், சாதா எனாமல் என்றால் அதைவிட நிறைய நாள் விடுங்கள். சீக்கிரம் பூட்டினால் கரைப்பான் வெளியேற வழியில்லாமல் தகட்டின் அடியில் கொப்புளம் விடும், தகடும் ஒட்டிக்கொள்ளும்.

அலுமினியத் தகட்டுக்கு அலுமினிய ரிவிட். இரும்பு ஸ்க்ரூதான் பழையது என்றால் தலைக்கு அடியில் மெல்லிய நைலான் வாஷர். இரண்டு உலோகமும் ஈரமும் சேர்ந்தால் வெள்ளைத் துரு வரும். தகட்டின் பின்பக்கம் வாஸலின் மெல்லிய படலமாகத் தடவுங்கள். நாலு ஸ்க்ரூவையும் தளர்வாக நுழைத்துவிட்டு, மூலைக்கு மூலை எதிரெதிராக முறுக்க வேண்டும். ஒரு பக்கம் முழுதும் இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் நடுவில் தகடு வில்லாக வளையும். முன்பக்கம் வார்னிஷ் அடிக்காதீர்கள், வெயிலில் மஞ்சளாகும். தூள் கலக்காத சாதா மெழுகு போதும்.

தகவல் தகடு அடையாளமே தெரியாமல் போயிருந்தால் புதிதாக அடித்த நகல் வாங்கிப் பூட்டலாம், தப்பில்லை. பழையதைக் கவரில் வைத்திருங்கள், வண்டி கைமாறும்போது அதையும் கொடுங்கள். சேஸிஸ் நம்பருக்கு அந்தச் சலுகை கிடையாது. வெற்றுத் தகடு வாங்கி உங்கள் சொந்த நம்பரையே சரியாகப் பஞ்ச் அடித்தாலும் பார்ப்பவர் கண்ணுக்கு அது திருத்தம்தான். சேஸிஸ் இரும்பில் இருக்கும் பஞ்ச் நம்பரை மண்ணெண்ணெய் தொட்ட பல் துலக்கும் பிரஷால் சுத்தம் செய்து, பெயிண்ட் அடிக்காமல், கிரீஸ் பூசிவிட்டால் போதும். அடுத்த முறை பென்சில் பிரிண்ட் கேட்டால் துணியால் துடைத்துவிட்டு எடுக்கலாம்.

பெயிண்டரிடம் வாயால் சொன்னது வேலை மும்முரத்தில் மறந்துபோகும். “தகட்டைச் சுற்றி மெஷின் போடக் கூடாது, தின்னர் துணி படக் கூடாது, டேப்பை நான் வந்துதான் உரிப்பேன்” என்று மூன்று வரி எழுதி, டேஷ்போர்டு மேலேயே ஒட்டிவிட்டு வாருங்கள். மலையாளம் மட்டும் படிக்கத் தெரிந்த ஆள் கொழிஞ்சாம்பாறைப் பட்டறையில் வேலை பார்ப்பார் என்றால் அதையே மலையாளத்திலும் எழுதிவிடுங்கள்.